ஊளைக்குச் சுருதி சேர்த்த காலம்

மலைநாட்டில் இசையமைப்பாளனாக இருக்க வேண்டுமானால் முதலில் தோள் பலமாக இருக்க வேண்டும். காதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். கார் பெட்டரி ஒன்று, வால்வு போட்ட அம்ப்ளிஃபயர் ஒன்று, தகரப் புனல் இரண்டு, ஹார்மோனியம் ஒன்று. இவ்வளவையும் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து தொழிலாளர் வரிசைவீடுகளான மேட்டு லயம்வரை சுமந்து போய் இறக்கிய பிறகுதான் அங்கே சங்கீதம் என்ற பேச்சே வரும்.

தொழிற்சங்க மேடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வயர் முறுக்கியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூட்ட நோட்டீஸில் தலைவர்களின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் "ஒலிபெருக்கி வசதி உண்டு" என்று போட்டிருப்பார்கள். அந்த வசதி நாம்தான்.

நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவன். மீதிப் படிப்பைத் துண்டுப்பிரசுரங்களில் படித்தேன். அதற்காக வெட்கப்பட்டதில்லை, காகிதம் மட்டமானாலும் விஷயம் மட்டமில்லை. அப்படி ஒரு பிரசுரத்தில், எங்கோ ஒரு நாட்டில் தொழிலாளர்கள் ஆலைச் சங்குகளையும் ரயில் விசில்களையும் வைத்தே ஒரு கச்சேரி நடத்தினார்கள் என்று நாலு வரி இருந்தது. அந்த நாலு வரிதான் என்னைக் கெடுத்தது. தோட்டத்துச் சத்தங்களாலேயே, வார்த்தை இல்லாமல், ஒரு இசை செய்ய வேண்டும். அதை ஒருவராவது உட்கார்ந்து, இசை என்று நினைத்து, முடிவுவரை கேட்க வேண்டும். நாற்பத்தெட்டிலிருந்து அறுபதுகளின் நடுவரை எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். பெரிய ஆசை என்று எனக்கு அப்போது தெரியாது.

தலைவர் வருமுன்

பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, பிறந்த மண்ணிலேயே நம்மை அந்நியராக்கிய பிறகு, கூட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. தலைவர்கள் கொழும்பிலிருந்து காரில் வருவார்கள். கார் எப்போதும் பிந்தும். அதற்குள் நான் புனல்களை மரத்தில் கட்டி, மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மைக்கைப் புனலுக்கு நேரே கொண்டுபோனால் ஊளையிடும் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஊளை வந்தவுடன் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வோம். நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒருநாள் நான் இழுக்கவில்லை. உள்ளங்கையால் மைக்கைப் பாதி மூடினேன்; ஊளை கீழே இறங்கியது. கொஞ்சம் விலகி நின்றேன். வேறொரு சுரத்தில் போய் நின்றது. ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கி வைத்துக்கொண்டு, அந்த ஊளையை அசைத்து அசைத்துக் கொண்டுவந்து அதோடு சேர்த்தேன். சேர்ந்தபோது எதிர்மலையும் அதையே திருப்பிச் சொன்னது. அன்றைக்கு என் உடம்பு சிலிர்த்தது போல அதற்குப் பிறகு எந்தத் தலைவரின் பேச்சுக்கும் சிலிர்க்கவில்லை.

லயத்து வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, ஆளில்லாத மைதானத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். கேட்க ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நான் அந்தச் சுரத்தை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தேன். நிறுத்தியதும் அவர் மேடையைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார், என்னிடம் கேட்டார்: "என்ன தம்பி, ஒருத்தரையும் காணோம்? தலைவரு பேச ஆரம்பிச்சிட்டாருன்னுல்ல ஓடியாந்தேன்."

கோரிக்கை

சங்கத்துக்கு என்னிடம் வேண்டியிருந்தது வேறு. அப்போது ஓடும் சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்து, காதலி இருந்த இடத்தில் கங்காணியைப் போட்டு, நிலா இருந்த இடத்தில் சம்பளத்தைப் போட்டுக் கொடுத்தால் போதும். அப்படி எத்தனையோ கட்டிக் கொடுத்தேன். இன்றைக்கும் சிலர் பஸ்ஸில் என்னைக் கண்டால் அந்த வரிகளைப் பாடிக் காட்டுகிறார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஒரு மே தினத்துக்கு முன் துணிந்து, ஹட்டன் காரியாலயத்து மாடியில் செயற்குழுவுக்கு முன்னால் என் சொந்த இசையை வாசித்துக் காட்டினேன். ஒரு தோழர் தப்புப் பறை அடித்தார். நான் ஹார்மோனியமும் ஊளையும். தப்பு ஓய்ந்தபின் ஊளை மட்டும் மெதுவாக ஏறி, மலையேறியவன் மூச்சு வாங்குவதைப் போல ஓரிடத்தில் தங்கும். செயலாளர் சட்டம் படித்தவர். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆழ்ந்துவிட்டார் என்று நம்பினேன். முடிந்ததும் கண்ணைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "உணர்ச்சி இருக்கு தோழர், ஒத்துக்கறேன். ஆனா சம்பள உயர்வுக் கோரிக்கை இதுல எந்த இடத்துல வருது?"

காசிம் நானாவின் மச்சான்

சங்க வேலையில் சோறு கிடைக்காது. ஹட்டன் பஸாரில் ரேடியோ பழுது பார்த்து, கல்யாணங்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடும் காசிம் நானாவின் கடையில் ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் பிற்பாதியில் நானா கொழும்பிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பேர் தூக்க வேண்டிய பெட்டி. பஸாரே வந்து அதற்குள் தன் குரலைக் கேட்டுவிட்டுப் போயிற்று. எனக்கு மட்டும் அதன் உள்ளே ஓடிய அந்தப் பழுப்பு நாடாவின் மேல் கண். சத்தத்தைக் கையால் தொடலாம். பிளேடால் வெட்டலாம், வேறொன்றோடு ஒட்டலாம், திருப்பிப் போட்டால் அடி ஓய்ந்த இடத்திலிருந்து அடி பிறக்கும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடை பூட்டியிருக்கும் வெள்ளிக்கிழமைப் பகல்களில் நானே கண்டுபிடித்தேன்.

நாடா விலையுயர்ந்த பொருள். எனக்கென்று தனியாக இல்லாததால், நானாவின் மகள் கல்யாணத்தில் பதிவு செய்த நாடாவின் வாலில், ஒன்றும் இல்லையென்று நினைத்த இடத்தில், நான் பதிந்து வந்திருந்த ஆலை வாசல் சத்தத்தை ஒட்டி வைத்திருந்தேன். உறவினர்கள் கூடிய ஒரு நாள் நானா அதைப் போட்டுக் காட்டினார். அவருடைய மச்சான் விருந்துக்கு வந்தவர்களைப் பாராட்டிப் பேசிக்கொண்டே வந்து, பேச்சின் உச்சத்தில் ஒரு லொறியாக மாறி மலையேறிப் போய்விட்டார். மறுநாள் கடைக்கு வந்த நானா பிளேடை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்து வெளியே எடுத்து வைத்தார். "மச்சான் பேசினத்த விட லொறி நல்லம்தான். ஆனா இனிமே கேட்டுட்டு வெட்டுங்க."

கம்பெனிச் சாமான்

என் இசைக்கு 'ஒரு நாள்' என்று பெயர் வைத்திருந்தேன். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் களத்துக்கு, கூப்பிடும் தப்பு, மலையில் கொழுந்தெடுக்கும் சத்தம், ஆலையின் ரோலர்கள், பிறகு சாயங்காலம். ரோலர் சத்தம் இல்லாமல் நாள் எப்படி நடுவுக்கு வரும்? ஆலையை நடத்தும் டீமேக்கர் ஒருவரிடம் கெஞ்சி, நானாவின் பெட்டியை ஆலைக்குள் கொண்டுபோய் வைத்தேன். ரோலர் சுற்றும்போது அடியில் ஒரு முனகல் உண்டு. தேயிலை நசுங்குவதா, இரும்பு அழுவதா என்று சொல்ல முடியாது. மைக்கை அதற்கு அருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது முன்னால் முழங்கால்வரை வெள்ளைக் காலுறை நின்றது. துரை.

சங்கத்துக்காரன் ஆலைக்குள் பெட்டியோடு நின்றால் துரைக்கு என்ன தோன்றும்? இயந்திரக் கோளாறைப் பதிந்து தொழில் இலாகாவுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பாட்டுக்காக என்றேன். நம்பவில்லை. போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். தன் ஆலையே ஒரு பெட்டிக்குள் சுற்றுவதைத் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். அந்த வெள்ளைக்காரனின் முகத்தில் ஒரு நொடி ஏதோ அசைந்தது என்று இன்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஏகாதிபத்தியத்துக்கும் காது இருக்கலாம். ஆனால் உடனே சமாளித்துக்கொண்டு, பிரம்பால் நாடாவைத் தட்டி, அங்கேயே அழிக்கச் சொன்னார். அவர் திரும்பிய நேரம் நான் வேறு நாடாவை மாட்டி அதை அழித்துக் காட்டினேன். வெளியே போகும் வழியில் அவர் தன் தோட்டத்துத் தமிழில் எனக்குப் பொருளாதாரம் போதித்தார்: "மெஷின் கம்பெனி சாமான். மெஷின் சத்தம், அதுவும் கம்பெனி சாமான். விளங்குறது?"

தராசு

அறுபதுக்குப் பிறகு பெட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டர் ஒன்று நானாவின் கைக்கு வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு மலையேறலாம். கொழுந்து நிறுக்கும் இடத்துச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த நேரத்துக்குப் போனால், பெண்கள் கூடையோடு வரிசையில் நின்று கணக்கப்பிள்ளையோடு போடும் சண்டை இருக்கிறதே, நாலு நாதஸ்வரம் ஒன்றாக ஊதினால்கூட அவ்வளவு ஏற்ற இறக்கம் வராது. நிறுவையில் கைவைப்பதில் அந்தக் கணக்கப்பிள்ளை பேர்போனவர்.

நான் போய் மைக்கை நீட்டினேன். அத்தனை வாயும் மூடிக்கொண்டன. சேலையைச் சரிசெய்துகொண்டு, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். கணக்கப்பிள்ளையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தராசு முள்ளை எல்லோருக்கும் காட்டி, ஒவ்வொரு பெயராக மரியாதையோடு வாசித்தார். பதிவானது காற்றும் ஒரு குழந்தையின் இருமலும்தான். போய்விட்டது என்று நொந்துகொண்டு பெட்டியை மூடினேன். வரிசையின் முன்னால் நின்ற பெண், அந்தத் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி செல்லாயி, காலியான கூடையைத் தலைக்கயிற்றில் பின்னுக்குத் தள்ளியபடி என்னிடம் வந்தாள். என் வயது இருக்கும். யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவள். "மைக்செட்டண்ணே, தெனமும் இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வாங்க. இன்னைக்கித்தான் தராசு ஒழுங்கா நிக்கிது."

தேய்ந்த ரெக்கோட்

டயகமப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு மைக்செட் போட்டிருந்தோம். காலையிலிருந்து சினிமாப் பாட்டு. 'ஒரு நாள்' அப்போது ஒருவாறு முடிந்திருந்தது. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த நேரம், சாப்பிடும்போதாவது காது சும்மாதானே இருக்கும் என்று நாடாவை மெதுவாக ஓடவிட்டேன். தப்பு முடிந்து, நசுங்கிய இலையின் முனகல் தொடங்கியது. அதன்மேல் என் ஊளை வந்து உட்காரப் போகிறது. அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். பெண்ணின் தாய்மாமன் சாம்பார் வாளியோடு பந்தியைத் தாண்டி ஓடிவந்தார். "அண்ணே, ரெக்கோட் தேஞ்சு போச்சு. வேற மாத்துங்க, சம்பந்திவீட்டுக்காரங்க சிரிக்கிறாங்க."

எந்தப் பகுதி

அதற்குப் பிறகு, நம் மக்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை, படித்தவர்கள் கேட்பார்கள் என்ற மூடநம்பிக்கை எனக்கு வந்தது. வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, நாடாவைத் துணியில் சுற்றி, காலை ரயிலில் கொழும்புக்குப் போனேன். வானொலி நிலையத்தில் தமிழ்ப் பகுதி அதிகாரி ஒருவர் என்னை உட்கார வைத்தார். நாட்டின் வடபகுதித் தமிழர், நல்லவர். தேநீர் வரவழைத்தார். அந்தத் தேயிலை எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை.

நாடா ஓடத் தொடங்கியது. அந்த அறையில் சுவரெல்லாம் துணி. அப்படி ஒரு அமைதியில் என் சத்தங்களை நானே கேட்டதில்லை. ரோலருக்கு அடியில் இருந்த முனகல் அங்கே இரண்டு குரலாகப் பிரிந்து கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பிறகு சுவரில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். பாதியில் நிறுத்தி, நாட்டார் பாடலா, மெல்லிசையா, நாடகத்துக்கான சத்தமா என்று கேட்டார். மூன்றும் இல்லை என்றேன். நான்காவது பகுதி அந்த நிலையத்தில் இல்லை. கதவுவரை வந்து வழியனுப்பிவைத்தார். "தம்பி, அடுத்த முறை மெசினை வீட்டில விட்டிட்டு, ஒரு பாட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

ஒரு மலை முழுவதும் எழுந்தது

தராசில் தொடங்கிய சண்டை கடைசியில் வேலைநிறுத்தமாயிற்று. கணக்கப்பிள்ளையை மாற்றும்வரை செல்லாயியின் தோட்டத்தில் யாரும் மலைக்குப் போவதில்லை என்று முடிவு. சங்கம் என்னை மைக்செட்டோடு அங்கே அனுப்பியது. நாலைந்து நாளாயிற்று. பெரட்டுத் தப்பு அடிப்பவரும் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் விடியற்காலையில் தோட்டம் அப்படியே கிடந்தது. ஆலை நின்றிருந்தது. நான் யோசித்தேன். இத்தனை லயம், இத்தனை காது, ஒருவருக்கும் வேலையில்லை. இப்படி ஒரு சபை எனக்கு இனி எப்போது கிடைக்கும்? வெள்ளி முளைக்கும் நேரத்தில் எழுந்து, கோயில் மேட்டில் புனல்களைக் கட்டி, நாடாவை ஓடவிட்டேன்.

'ஒரு நாள்' பெரட்டுத் தப்போடுதான் தொடங்கும் என்று சொல்லியிருக்கிறேன். தூரத்தில் கேட்பதுபோல் ஆரம்பித்து நெருங்கிவரும். அதற்காக மிகவும் பாடுபட்டிருந்தேன். பனிமூட்டத்துக்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. கதவுகள் திறந்தன. கூரைகளில் புகை வந்தது. ஆட்கள் இறங்கி நடக்கிற காலடி கேட்டது. வருகிறார்கள், கேட்க வருகிறார்கள் என்று நான் மைக்செட்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். பனி விலகியபோது பார்த்தால், பெண்கள் கூடையோடும் ஆண்கள் மண் கிளறும் முள்ளோடும் என் புனலுக்குக் கீழேயே நடந்து பெரட்டுக்களத்துக்குப் போகிறார்கள். பேச்சுவார்த்தை முடிந்து தப்பு அடித்துவிட்டார்கள் என்று பாதிப் பேர் நினைத்தார்களாம். மீதிப் பேர் ஒன்றும் நினைக்கவில்லை. தப்பு கேட்டது, கால் போனது.

செல்லாயி முடியைக்கூட அள்ளிச் செருகாமல் குறுக்கு வழியில் ஓடிவந்து, கைகளை விரித்து மறித்து, ஏசி, தள்ளி, எல்லோரையும் லயத்துக்குத் திருப்பினாள். ஒருவர் பெயரும் பதிவாகவில்லை. அதற்குள் என் ரோலர்கள் ஆளில்லாத லயத்துக் காம்பராக்களுக்கு முன்னால் சுற்றி, என் சாயங்காலம் ஆளில்லாத மேட்டில் வந்து முடிந்தது. எந்த மகாவித்துவானுக்காவது ஒரு மலை முழுவதும் எழுந்து நடந்திருக்கிறதா என்று நான் இன்றும் பெருமையோடு கேட்பேன். ஆனால் நடந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. வெறுமையாகிவிட்ட பெரட்டுக்களத்தில், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்ற அந்தக் கணக்கப்பிள்ளை என்னை அண்ணாந்து பார்த்து மிகப் பணிவாகக் கேட்டார்: "அண்ணே, நாளைக்கும் இதே நேரத்துக்குப் போடுவீங்களா?"

விசாரணை

போராட்டம் கடைசியில் வென்றது. கணக்கப்பிள்ளை வேறு டிவிசனுக்குப் போனார். ஆனால் எனக்கு ஹட்டன் மாடியில் விசாரணை காத்திருந்தது. நான் எழுதிக் கொடுத்த பிரசுரங்களில் இருந்த வார்த்தைகளாலேயே என்னைத் திட்டினார்கள். கருங்காலி, பிற்போக்காளன், துரைமாரின் கையாள். ஒவ்வொன்றுக்கும் நான் மனதுக்குள் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது இசை என்று ஒரே ஒரு முறை சொன்னேன். ஒரு தோழர் சிரித்தார். முன்பு தப்பு அடித்துக் காட்டிய தோழரும் சிரித்தார்.

செல்லாயியைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இவன் வேண்டுமென்றே போராட்டத்தை உடைக்கப் பார்த்தானா என்று செயலாளர் கேட்டார். என்னால் அன்றைக்கு மலையில் கால் கிழிய ஓடியவள் அவள். எனக்காகப் பேச ஒரு காரணமும் இல்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு அந்தப் பெட்டரியத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுனத நான் பாத்தேங்க. காட்டிக்குடுக்கறவன் இவ்வளவு சொமக்க மாட்டான். அவனுக்கு வாயி போதும்."

ரயிலுக்கு முன்

மைக் என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. தப்பை மட்டும் வெட்டி எறிந்துவிட்டால் மறுபடி மேடைக்கு வரலாம் என்று சொல்லியனுப்பினார்கள். வெட்டிப் பார்த்தேன். விடியாமல் ஒரு நாள் நடக்கிறது. ரோலர் எதற்காகச் சுற்றுகிறது என்று அதற்கே தெரியவில்லை. திரும்ப ஒட்டிவிட்டு, கடையில் ஈயப் பற்றோடு இருந்துகொண்டேன். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த நாடா இருக்கும். யாராவது கேட்டால் போடலாம் என்று காத்திருந்தேன். ரேடியோ பழுது பார்க்க வருகிறவன் என்ன கேட்பான்? எப்போது ஆகும் என்று கேட்பான்.

அறுபத்தைந்து வாக்கில் ஒரு பகல் செல்லாயி கடை வாசலில் நின்றாள். பிரஜாவுரிமை மனு எப்போதோ தள்ளுபடியாகி, இங்கே தங்குவதற்கான விசாவும் முடிந்துவிட்டதாம். குடும்பத்தோடு ரயிலேறி, கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறாள். அவள் பார்த்தே இராத ஒரு ஊரின் பெயரைச் சொன்னாள். புருஷன் வேலு தகரப் பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் ஸ்டேஷனில் இருந்தான். ரயிலுக்கு நேரம் இருந்தது. "அன்னைக்கி அந்தச் சனியன நிப்பாட்டத்தான் ஓடுனேன். என்னதான் வெச்சிருந்தீங்கன்னு முழுசாக் கேக்கவே இல்ல. போடுங்க" என்றாள். நானா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பிளேன்டீ சொல்லிவிட்டு, கடைக்கதவைப் பாதி சாத்தினார்.

தப்பு தொடங்கியதும் அவள் கை தன்னால் உயர்ந்து, கூடைக்கயிறு அமரும் இடத்தில் நெற்றிக்கு மேல் போய் நின்றது. பிறகு அதைத் தானே பார்த்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. ரோலர் வந்தபோது தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். யாரோ பழைய ரேடியோவோடு உள்ளே நுழைய, நானா உதட்டில் விரலை வைத்து அவரை வாசலிலேயே நிறுத்தினார். ரோலர் ஓய்ந்து, என் ஊளை எங்கோ அடிவாரத்திலிருந்து புறப்பட்டு, எதிர்மலையில் பட்டதுபோல் ஓரிடத்தில் தங்கி, மெல்ல மெல்ல இருளில் கரைவதுபோல் போயிற்று. நாடாவின் நுனி சக்கரத்தில் பட்டுப் பட்டெனத் தட்டியது. நான் நிறுத்தக் கைநீட்டவில்லை. அவள் ஆறிப்போன பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, குறை சொல்லும் குரலில் சொன்னாள்: "சாயங்காலம் சீக்கிரமா முடிஞ்சிருச்சி. அந்த எடத்துல இன்னும் கொஞ்ச நேரம் விட்ருக்கலாமுங்க."

நம் தொழிலில் ரசிகர்களே கிடைப்பதில்லை என்று இனியும் யாரும் குறைப்படாதீர்கள். கிடைக்கிறார்கள், கிடைத்த அன்றைக்கே கப்பலேற்றிவிடுகிறார்கள்.